கைவிட்ட கருவியில் நிலைத்த பெயர்

நாள்தோறும் விடியற்பொழுதிலே கண்ணாடிமுன் நின்று முகம் மழிக்கும் ஆடவர் பல கோடியர். தம் கையிலிருக்கும் கருவி யாரால் எண்ணப்பட்டது, எத்துணை இடர்ப்பாட்டின் பயனாய்ப் பிறந்தது என்று நினைப்போர் அவருள் மிகச் சிலர். அரசரும் புலவரும் அறவோரும் வரலாறு பெறுகின்றனர். வீட்டுப் பயன்பொருளை ஆக்கித் தந்தவரோ அப்பொருளின்மேற் பொறித்த எழுத்தாகச் சுருங்கி நிற்கின்றார். நாளடைவில் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதும் மறந்துபோகின்றது. அவ்வாறு மறந்துபோன ஒருவரின் வரலாற்றை அறியும் வாய்ப்பு, மட்டக்களப்பு நகரிலே பழம்பொருள் விற்கும் ஒரு முதியவரின் சாக்கு விரிப்பின்மேல் எனக்குக் கிடைத்தது.

பாடசாலை அலுவலொன்றை முன்னிட்டு நகருக்குச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்தபின் சந்தைப் பக்கமாக நடந்து வருகையில், பழைய பூட்டுகளும் திரியற்ற விளக்குகளும் நின்றுபோன கடிகாரங்களுமாகப் பரப்பி வைத்திருந்த இடத்தில் என் கண் ஓரிடத்தே தங்கிற்று. யானைத் தந்த நிறக் கைப்பிடியும், பொன்னிறம் மங்கிக் கறுத்த தலையும் உடைய ஒரு சிறு சவரக் கத்தி அங்கே கிடந்தது. விரலளவு நீளமான ஒருமுனை அலகைப் பக்கவாட்டிலே செலுத்திப் பொருத்தும் வகையைச் சேர்ந்தது அது. விற்பவர் அதனை இன்னதென்று அறியார். இதற்கு இக்காலத்தில் அலகு கிடையாது, அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஆயிரம் ரூபா கேட்டார், அறுநூறுக்கு இசைந்தார். யான் பேரம் பேசியது வழக்கம் பற்றியேயன்றி விருப்பம் பற்றியன்று. அவர் ஆயிரத்துக்கு மேற் கேட்டிருப்பினும் கொடுத்திருப்பேன்.

அதற்குக் காரணம் உண்டு. படுவான்கரைக் கிராமமொன்றில் ஆசிரியராயிருந்த என் தந்தையாரிடம் இத்தகைய கத்தியொன்று இருந்தது. அதிகாலையிற் கிணற்றடிக்குச் சென்று, வேலிக் கம்பில் ஒரு சிறு கண்ணாடியை மாட்டி, அவர் முகம் மழிப்பார். யான் அருகே நின்று பார்ப்பேன். தகட்டுப் பெட்டியொன்றைக் கத்தியின் தலையிற் பொருத்தி ஒருமுறை தள்ளுவார். பழைய அலகு மறுபக்கத்தால் வெளியே விழும். புதியது அதன் இடத்தில் அமர்ந்திருக்கும். சிறுவனாகிய எனக்கு அது செப்படி வித்தையாகவே தோன்றிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரையும், கூரையின்கீழ் இருந்த பெட்டியும், பெட்டிக்குள் இருந்த கத்தியும் போயின. அதன்பின் தந்தையார் மலிவான வேறு கத்தியை வாங்கிக்கொண்டார். போனதைப்பற்றி அவர் ஒருநாளேனும் பேசியதில்லை.

வாங்கிய கத்தியைத் துப்புரவு செய்தல் யான் எண்ணியதினும் நுண்ணிய வேலையாயிற்று. பித்தளையாயின் புளியிட்டுத் துலக்குதல் நம் வீடுகளின் வழக்கம். என் மனைவியாரும் புளியை எடுத்து வைத்துவிட்டார். ஆயினும் கத்தியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே பித்தளையும் மேலே மிக மெல்லிய பொன்முலாமும் இருத்தல் தெரிந்தது. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தாற் களிம்போடு முலாமும் போய்விடும். கொதிநீரில் இடுதலும் தகாது. பழங்காலப் பிளாஸ்ரிக்காலான கைப்பிடி வளைந்தோ வெடித்தோ கெடும். ஆதலின், வெதுவெதுப்பான நீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்து, தலைப்பகுதி மாத்திரம் அமிழும்படி அரைமணி நேரம் வைத்தேன். பின்னர் மென்மையான பழைய பற்றூரிகையால் மெல்லத் தேய்த்தேன். எத்தனையோ ஆண்டுகளாகப் படிந்து இறுகிய சவர்க்கார மாசு கரைந்து வந்தது. தூரிகை புகாத இடுக்குகளைத் தென்னை ஈர்க்கின் நுனி துப்புரவாக்கியது.

உள்ளே ஒரு பழைய அலகு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதனை விரலாற் பிடித்திழுக்க முயல்வது பேதைமை. அலகை அழுத்திப் பிடித்திருக்கும் சிறு வில்லைக் கம்பியால் நெம்புவதும் தவறு. வில் வளைந்துவிடின் கத்தி பயனற்றதாகும். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயில் இரு துளி விட்டு ஓர் இரவு விட்டுவைத்தேன். மறுநாட் காலையில் மெல்லிய மூங்கிற் சிம்பினாற் பக்கவாட்டிலே தள்ள, அலகு நழுவி விழுந்தது. தலைப்பகுதியை மட்டும் மதுசாரம் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் அற உலர்த்தி, மீண்டும் சிறிது எண்ணெய் தடவினேன். வாவிக் காற்றும் கடற்காற்றும் ஒருங்கே வீசும் எமது ஊரில் உலோகத்தை ஈரத்தோடு விட்டுவைத்தல் ஆகாது.

அழுக்கு நீங்கியபோது எழுத்துக்கள் தெரிந்தன. எவர்ஷார்ப் என்று ஒரு பெயர். ஷிக் என்று மற்றொரு பெயர். முன்னையது ஒரு கம்பனியின் பெயர் என்பது எளிதிற் புலனாயிற்று. பின்னையது யாது? தேடிப் படிக்கத் தொடங்கினேன். பண்டிதருக்குச் சவரக் கத்தியில் என்ன ஆராய்ச்சி என்று நண்பர் சிலர் நகைத்தனர். நம் மண்ணின் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகி, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினேன். தமிழ் கற்றவர் கருவிகளின் வரலாற்றைக் கற்றலாகாது என்று அப்பெரியார் ஒருகாலும் எண்ணியிரார்.

ஷிக் என்பது ஒரு படைவீரரின் பெயர். ஜேக்கப் ஷிக் 1877ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் பிறந்து, தென்மேற்கே நியூ மெக்சிகோவில் வளர்ந்தார். அவருடைய தந்தையார் அங்கே நிலக்கரிச் சுரங்கமொன்றைத் திறந்தார். அச்சுரங்கத்துக்குச் செல்லும் இருப்புப் பாதையை மேற்பார்வை செய்யும் பொறுப்புப் பதினாறு வயதிலேயே மகனிடம் வந்தது. ஏட்டுக்கல்விக்கு முன்னரே இரும்பும் இயந்திரமும் அவருக்குப் பழக்கமாயின.

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டபோது ஷிக் படையிற் சேர்ந்தார். பிலிப்பைன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளின் பின் இரண்டாம் முறையும் அங்கே சென்றபோது வெப்பநாட்டு வயிற்றுளைவு அவரைப் பற்றிக்கொண்டது. நெடுங்காலம் மருத்துவமனையிற் கிடந்தார். குளிர்நாட்டு வாழ்வே அவருடலுக்கு ஏற்றதென மருத்துவர் கருதினமையால் வடகோடியிலுள்ள அலாஸ்காவுக்கு மாற்றப்பட்டார். அங்கே பனிபடர்ந்த உள்நாட்டில் 1,000 மைலுக்கு மேற்பட்ட தந்திக் கம்பி வழியை அமைக்கும் படைப்பணியில் அவருக்குப் பங்கிருந்தது. 1910இற் படையினின்று ஓய்வு பெற்றபின்னும் அந்நிலத்தை விட்டு நீங்காது பொன் தேடும் முயற்சியில் இறங்கினார்.

பொன் கிடைத்ததோ இல்லையோ, பொன்னினும் பயனுள்ள ஓர் எண்ணம் அங்கே கிடைத்தது. ஒருமுறை கணுக்கால் சுளுக்கி நடக்க இயலாமல், துணையின்றி, தனிக் கூடாரத்திலே பல நாள் தங்க நேர்ந்தது. வெளியே உறைபனி. முகம் மழிக்க வேண்டின் பனிக்கட்டியை உருக்கி நீராக்க வேண்டும். நீர் முகத்திற் படுமுன் மீண்டும் குளிர்ந்துவிடும். நீரும் சவர்க்காரமும் இன்றி உலர்ந்த முகத்தையே மழிக்கும் கருவி ஒன்று இருந்தால் எவ்வளவு நலம் என்று அவர் எண்ணினார். வாவியும் கிணறும் சூழ வாழும் நமக்கு நீர் ஒரு தடையாய் நிற்கும் என்பது தோன்றாது. பனியில் வாழ்ந்தவருக்கே அது தோன்றிற்று. சிறு மோட்டாரினால் இயங்கும் கருவியொன்றின் படத்தை வரைந்து உற்பத்தியாளர்க்கு அனுப்பினார். அவர்கள் அதனை ஏற்கவில்லை. மோட்டார் ஒரு கையிலும் மழிக்கும் தலை மற்றொரு கையிலுமாகப் பிடிக்க வேண்டிய அக்கருவி, உள்ளபடியே, அன்று பயனுக்கு உரியதாயில்லை.

அவ்வேளையில் முதலாம் உலகப் போர் வந்தது. ஷிக் மீண்டும் படையிற் சேர்ந்து கடல்கடந்து பணி செய்தார். லெப்டினன்ற் கேணல் என்னும் நிலைவரை உயர்ந்தார். பிற்காலத்தில் உலகம் அவரைக் கேணல் ஷிக் என்றே அழைத்தது.

இங்கே அக்காலத்துச் சவரக் கருவிகளின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். முன்னாளிற் சாணைக் கல்லிலும் தோற்பட்டையிலும் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் நெடுங்கத்தியே எங்கும் வழங்கிற்று. தேய்ந்தால் எறிந்துவிடும் மெல்லிய இருமுனை அலகைக் கிங் காம்ப் ஜில்லெற் என்னும் அமெரிக்கர் ஆக்கினார். அது விற்பனைக்கு வந்த 1903ஆம் ஆண்டில் விலைபோன கத்திகள் 51. மறு ஆண்டிலோ 90,000ஐக் கடந்தன. உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்க்கு வழங்கிய ஜில்லெற் கத்திகள் ஏறத்தாழ 35 இலட்சம். எனினும் அவ்வலகில் ஒரு குறை இருந்தது. அதனை மாற்றும்போது இருபுறமும் கூரான தகட்டை விரலாற் பிடித்தே எடுக்கவும் வைக்கவும் வேண்டும்.

அக்குறையைத் தீர்க்கும் வழி படைவீரராகிய ஷிக்கின் மனத்திற் படைக்கலத்தின் வழியே தோன்றிற்று. தொடர்ந்து சுடும் துப்பாக்கியில், அடுக்கி வைத்த தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே இடத்துக்கு வருகின்றன. சுடுபவன் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து வைப்பதில்லை. அலகுகளையும் அவ்வாறே அடுக்கி வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1920களின் முற்பகுதியில் அதற்கு உருவம் கொடுத்தார். 1925இற் கம்பனி ஒன்றை நிறுவினார். 1926இற் கத்தி விற்பனைக்கு வந்தது. முதல் வகையிற் கைப்பிடியின் உள்ளேயே அலகுகள் இருந்தன. பின்வந்த வகையில் அவை தனியான தகட்டுப் பெட்டிக்கு மாறின. பெட்டியின் நுனி ஒரு திறவுகோல் போன்றது. அது கத்தியின் தலையினுட் புகுந்து வில்லைத் தளர்த்தும். தள்ளுகட்டையைத் தள்ளினாற் புதிய அலகு பக்கவாட்டிலே புகுந்து பழையதை வெளியேற்றும். விரல் கூர்முனையைத் தீண்டுவதில்லை. கிணற்றடியில் யான் கண்டு வியந்த வித்தை இதுவே. உயிர்பறிக்கும் கருவியில் அமைந்த ஒரு நுட்பத்தை விரலிற் சிறு காயமும் படாமற் காக்கும் நுட்பமாக மாற்றியமை ஷிக்கின் அறிவுக்குச் சான்றாகும்.

கத்தி நன்றாக விலைபோயிற்று. பிறர் ஆயின் அவ்வளவில் அமைதி கொண்டிருப்பர். ஷிக்கின் மனமோ அலாஸ்காக் கூடாரத்திலேயே நின்றது. நீரின்றி மழிக்கும் கருவியை ஆக்க வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டும். ஆதலால் 1920களின் இறுதியில், வெற்றி தந்த அலகுக் கத்திக் கம்பனியில் தமக்கிருந்த உரிமையை முற்றாக விற்றுவிட்டார். விளையும் வயலை விற்று விளையாத கரம்பை வாங்கும் செயலாகவே அது பலர்க்குத் தோன்றியிருக்கும்.

மோட்டார் இப்போது சிறிதாகிக் கைக்குள் அடங்கிற்று. 1931இல் மின்சாரச் சவரக் கருவியை நியூ யோர்க்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டொலர். அமெரிக்க வங்கிகள் மூடுண்டு, வேலையின்றிப் பலர் தெருவில் நின்ற பெருமந்த காலம் அது. முதலாண்டில் ஏறத்தாழ 3,000 கருவிகளே விற்றன. வந்த ஊதியத்தை மீண்டும் தொழிலிலேயே இட்டார். கனெற்றிக்கட் மாநிலத்து ஸ்ராம்போர்ட் நகரிலிருந்து வெளிவந்த அக்கருவி, 1937ஆம் ஆண்டளவில் 15 இலட்சத்துக்கு மேல் விற்பனையாகியிருந்தது. ஏற்க மறுத்த உற்பத்தியாளர்கள் தாமும் அத்தகைய கருவிகளை ஆக்க முந்தினர். இவையன்றி, ஆழங்குறைந்த நீரிற் செல்லத்தக்க படகொன்றையும், பென்சில் சீவும் கருவியொன்றையும் அவர் ஆக்கியிருந்தார். முறையாக முகம் மழித்து வந்தால் மனிதன் 120 ஆண்டு வாழலாம் என்று அவர் நம்பியதாகவும் சொல்வர்.

இவ்வளவோடு வரலாற்றை முடித்துவிடின் மாணவர்க்கு எடுத்துரைக்க நல்லதொரு கதையாகும். ஆயினும் ஒருவரின் புகழை மட்டும் எழுதி இகழ்ச்சியை மறைத்தல் வரலாறு எழுதுவார்க்குத் தகாது. செல்வம் பெருகியபோது ஷிக் தம் சொத்துக்களிற் பெரும்பகுதியைப் பஹாமாஸ் தீவுகளிற் பதிவுசெய்த கம்பனிகளுக்கு மாற்றினார். 1935இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து கனடாவின் குடிமகனானார். வரி கொடாமல் ஒதுங்குவோரைப்பற்றி 1937இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கூடி அமைத்த குழு ஆராய்ந்தபோது, அவர் பெயரும் அங்கே பேசப்பட்டது. எந்த நாட்டின் படையில் இளமையைக் கழித்தாரோ, எந்த நாட்டின் படைக்கலத்திலிருந்து தம் கருவியின் நுட்பத்தைப் பெற்றாரோ, அந்த நாட்டுக்குரிய பங்கைக் கொடுக்க மனம் ஒப்பாமற் போயிற்று. சட்டம் இதற்கு இடந்தந்ததா என்பது வழக்கறிஞர் ஆராயவேண்டியது. அறநூல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதனைக் குறை என்றே யான் சொல்வேன். மழித்தலும் சடைவளர்த்தலும் புறக்கோலம், உலகம் பழிப்பதை ஒழித்தலே வேண்டுவது என்று வள்ளுவனார் துறவிகளுக்கு உணர்த்திய கருத்து, மழிக்கும் கருவி செய்தவர்க்கும் பொருந்துவதாயிற்று.

அவ்வாண்டு ஜூலை 3ஆந் திகதி ஷிக் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. நூற்றிருபது ஆண்டுக் கணக்கிற் பாதியும் நிறையவில்லை. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மவுண்ட் றோயல் இடுகாட்டில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

இனி என் கையிலிருக்கும் கத்திக்கு வருகின்றேன். ஷிக் விற்றுவிட்ட அந்த அலகுக் கத்திக் கம்பனியை எவர்ஷார்ப் கம்பனி 1946இல் வாங்கிற்று. ஆகவே இரு பெயரும் ஒருங்கே பொறித்த இக்கத்தி 1946க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. ஷிக் மறைந்து ஒன்பது ஆண்டேனும் கழிந்தபின், அவர் விலைப்படுத்திவிட்ட தொழிற்சாலையிலே, அவர் அறியாத கைகளால் செய்யப்பட்டது இது. இதனால் வந்த ஊதியத்தில் ஒரு சதமும் அவரைச் சேர்ந்ததன்று. இருந்தும் இதன்மேல் நிற்பது அவர் பெயரே. அவர் பஹாமாஸ் தீவுகளிற் காத்துவைத்த செல்வம் யார்யார் கைக்குப் போயிற்றோ. விற்றுக் கைவிட்ட கருவிதான் அவர் பெயரைக் கடல் பல கடந்து படுவான்கரைக் கிணற்றடிவரை கொண்டுவந்து சேர்த்தது. பிறர் விரலில் இரத்தம் வராமற் காக்க எண்ணிய எண்ணமே இறுதியில் அவருக்கு எஞ்சிய சொத்து எனத் தோன்றுகின்றது.

அலகு கிடையாது என்று பழம்பொருள் விற்பவர் சொன்னதும் முழுவதும் உண்மையாகவில்லை. என்னிடம் முன்னாளிற் பயின்று இப்போது கனடாவில் வாழும் மாணவர் ஒருவருக்கு எழுதினேன். ஷிக் அடக்கமான அதே நாட்டிலிருந்து, ஒரு சிறு பொதியில் அலகுப் பெட்டி இரண்டு வந்து சேர்ந்தன. ஒருநாள் விடியற்காலையில் அதனைக் கத்தியின் தலையிற் பொருத்தித் தள்ளினேன். நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகக் கேளாதிருந்த அந்தச் சிறு ஓசை கேட்டது. அலகு இடத்தில் அமர்ந்தது.

அருகே நின்று பார்த்த என் பேரன் மீண்டும் ஒருமுறை செய்து காட்டும்படி கேட்டான். வீணாய்ப் போகும் அலகொன்றைப் பொருட்படுத்தாது செய்து காட்டினேன். பின்னர், கத்தியின்மேல் இருந்த எழுத்தைக் காட்டி, இது ஒரு மனிதரின் பெயர் என்று தொடங்கி, அவருடைய நிறையும் குறையும் ஒன்றும் விடாமல் அவனுக்குச் சொன்னேன். என் தந்தையாருடைய கத்தியின் கதையையும் சொன்னேன். முகம் மழித்து முடிந்ததும் அக்கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, உலர்ந்த துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.